நம்மைச் சட்டை செய்யாத சட்டைகள்!

மூன்று சட்டை. மூன்றின் காலரிலும் ‘40’ என்று போட்டிருக்கிறது. அளந்து பார்த்தால் மூன்றும் மூன்று ஆளுக்குத் தைத்தவை. ஆன்லைனில் ஃபார்மல் சட்டை வாங்குவது ஏன் இப்படி லாட்டரிச் சீட்டு மாதிரி ஆனது?

மச்சினன் கல்யாண வரவேற்புக்குப் பத்து நாள் இருந்தது. வெளிர்நீலத்தில் முழுக்கைச் சட்டை ஒன்று வேண்டும், அவ்வளவுதான். தி.நகர்க் கூட்டத்தில் போய் இடிபட மனசில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கையில் சாய்ந்தபடி கைப்பேசியில் தேட ஆரம்பித்தேன். கட்டைவிரல் தேயத் தேய எத்தனையோ வெளிர்நீலங்களைத் தள்ளிவிட்டு ஒன்றைப் பிடித்தேன். ‘அளவு?’ என்று கேட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பதினைந்து வருஷமாக நான் 40.

மூன்றாம் நாள் பார்சல் வந்தது. குண்டூசிகளைப் பிடுங்கி, காலருக்கு அடியிலிருந்த அட்டையை உருவி, போட்டுப் பார்த்தேன். காலர் பட்டன் சுகமாக விழுந்தது. இரண்டாவது, மூன்றாவதும் சரி. நாலாவதில் ஆரம்பித்தது வம்பு. துணி இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு, பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் கண் திறந்தது. அந்தக் கண் வழியாகப் பனியன் எட்டிப் பார்த்தது. நின்றால் சமாளிக்கலாம். வரவேற்புக்குப் போய்விட்டுப் பந்தியில் உட்காராமல் வர முடியுமா?

மாற்றிக்கொள்ள 42 கேட்டேன். வந்தது. வயிறு மூடியது, தோள் போய்விட்டது. தோள்பட்டைத் தையல் இரண்டு விரற்கடை கீழே இறங்கிக் கையில் உட்கார்ந்திருந்தது. கஃப் கட்டைவிரலின் அடி வரை வந்து மூடியது. அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போன நாள் ஞாபகத்துக்கு வந்தது. அதையும் திருப்பி அனுப்பினேன். பிடிவாதத்தில் வேறு இரண்டு கம்பெனிகளில் ஆளுக்கொரு 40 வரவழைத்தேன். ஒன்று முன்னதைவிட இறுக்கம். இன்னொன்றுக்குள் என்னோடு இன்னொருவரையும் குடிவைக்கலாம்.

பொறுக்க முடியாமல் அலமாரியைத் திறந்து, காலர் நைந்துபோன என் பழைய சட்டையை எடுத்தேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன் கடையில் போட்டுப் பார்த்து வாங்கியது. அதிலும் 40தான். மூன்றையும் கட்டில்மேல் பரப்பி, மனைவியின் இஞ்சு டேப்பால் அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து இரண்டால் பெருக்கினேன். புதியதில் ஒன்று நாற்பத்திரண்டரை இஞ்சு. பழையது நாற்பத்து நாலரை. மற்றொன்று நாற்பத்தேழு. ஒரே எண்ணைக் காலரில் குத்திக்கொண்ட மூன்றுக்கும் நடுவில் நாலரை இஞ்சு வித்தியாசம்!

அப்படியானால் அந்த 40 என்பது எதனுடைய அளவு?

எந்த 40 இந்த 40?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதிச் சிக்கல் விளங்கிவிடும். நம் ஊரில் விற்கும் ஃபார்மல் சட்டைகளில் 38, 39, 40, 42, 44 என்று போட்டிருப்பது பெரும்பாலும் கழுத்தளவு, அதுவும் சென்டிமீட்டரில். 38 என்றால் 15 இஞ்சு காலர். 40 என்றால் பதினைந்தே முக்கால். 42 என்றால் பதினாறரை. சட்டையின் உள்பக்க லேபிளைக் கூர்ந்து பார்த்தால் ‘செ.மீ.’ என்று பொடி எழுத்தில் இருக்கும். நாம்தான் பார்ப்பதில்லை.

கேஷுவல் சட்டையில் அதே 40 வேறு ஆள். அங்கே அது மார்பளவு, இஞ்சில். அதாவது, 40 இஞ்சு மார்பு உள்ளவர் போட்டுக்கொள்ளலாம் என்று பொருள். ஒன்று கழுத்து, ஒன்று மார்பு. ஒன்று சென்டிமீட்டர், ஒன்று இஞ்சு. தற்செயலாக இரண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் வந்து விழுவதால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. போதாததற்கு எஸ், எம், எல் என்று மூன்றாவது கணக்கு ஒன்று ஓடுகிறது. ஒரு கம்பெனியில் 40 என்பது எம், இன்னொன்றில் எல்.

இன்னொரு விநோதமும் உண்டு. 38, 39, 40 வரை ஒழுங்காக எண்ணிக்கொண்டு வந்தவர்கள் அதன் பிறகு 42, 44 என்று தாவிவிடுகிறார்கள். 41 எங்கே போனது? நாற்பது வயதைத் தாண்டி, கழுத்தும் வயிறும் மெல்ல மெல்லப் பெருக்கிற ஆளுக்குத்தான் அந்த இடைப்பட்ட அளவு தேவைப்படும். அவருக்குத்தான் அது கிடைப்பதில்லை.

அடுத்த குழப்பம் அளவு அட்டவணையில். உடம்பின் அளவு வேறு, சட்டையின் அளவு வேறு. நெய்த துணி பனியன் துணி மாதிரி இழுபடாது. மூச்சு விட, கையைத் தூக்க, குனிய உடம்புக்கு மேல் நாலிலிருந்து ஆறு இஞ்சு வரை கூடுதல் துணி விட்டால்தான் சட்டை சட்டையாக இருக்கும். 40 இஞ்சு மார்புக்காரருடைய சட்டை 44, 45 இஞ்சு இருப்பது அதனால்தான். இணையதளங்களில் சிலர் உடம்பளவைப் போடுகிறார்கள். சிலர் சட்டையளவைப் போடுகிறார்கள். சிலர் எது என்று சொல்லாமலே ஓர் அட்டவணையை ஒட்டிவிடுகிறார்கள். உங்கள் மார்பை அளந்து 40 என்று கண்டுபிடித்து, சட்டையளவுப் பட்டியலில் 40-ஐத் தேடிப் பிடித்தீர்களானால் வருவது உங்கள் மகனுக்குத்தான் சேரும்.

ஸ்லிம், ரெகுலர், கம்ஃபர்ட் என்கிற அடைமொழிகளுக்கும் பொது இலக்கணம் கிடையாது. ஒரு கம்பெனியின் ஸ்லிம் இன்னொரு கம்பெனியின் ரெகுலரைவிடத் தாராளமாக இருக்கலாம். அவரவர் வீட்டு மரக்கால் அவரவருக்கு.

கழுத்துக்கு ஏன் இந்த மரியாதை?

சட்டை மூடுவது உடம்பை. எண் குறிப்பது கழுத்தை. இந்த வழக்கத்தின் வேர் அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ட்ராய் நகரத்தில் இருக்கிறது. 1827-ல் அங்கே ஹன்னா மான்டேகு என்ற பெண்மணி, கணவரின் சட்டையில் காலர் மட்டும் அழுக்காகிறதே, அதற்காக முழுச் சட்டையையும் ஏன் துவைக்க வேண்டும் என்று காலரைக் கத்தரித்துத் தனியாகத் துவைத்து மாட்டினாராம். அதிலிருந்து கழற்றி மாட்டும் காலர் பிறந்தது என்று அந்த ஊர் சொல்லிக்கொள்கிறது. ட்ராய்க்கு ‘காலர் நகரம்’ என்றே பெயர். காலரைத் தனியாக வாங்கிய காலத்தில் கழுத்தளவு தெரியாமல் கடைக்குப் போக முடியாது. காலர் மறுபடி சட்டையோடு ஒட்டிக்கொண்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

நம் ஊர்க் கடைகளிலும் தொங்கும் ‘ஆரோ’ சட்டை அந்த ட்ராய் நகரத்தில் பிறந்ததுதான். அதைத் தயாரித்த க்ளூவெட் பீபாடி கம்பெனியைச் சேர்ந்த சான்ஃபோர்ட் க்ளூவெட்தான், துணி துவைத்த பிறகு சுருங்காமலிருக்க முன்கூட்டியே சுருக்கிவிடும் முறையைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்து மில் துணியின் ஓரத்தில் ‘சான்ஃபரைஸ்டு’ என்று முத்திரை குத்தியிருக்கும். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அது அவர் பெயரிலிருந்து வந்த சொல். காலரை விற்றுப் பிழைத்த ஊருக்குச் சுருக்கம் எவ்வளவு பெரிய பகை என்பது இதிலேயே தெரிகிறது.

இன்றைக்கும் அந்தப் பகை ஓயவில்லை. நூறு சதவீதம் பருத்தி என்றால் முதல் சலவையில் இரண்டு சதவீதம் சுருங்குவது பெரிய அதிசயமில்லை. 40 செ.மீ. காலரில் இரண்டு சதவீதம் என்பது 8 மில்லிமீட்டர். 39-க்கும் 40-க்கும் இருக்கும் இடைவெளியில் முக்கால்வாசிக்கு மேல் ஒரே ஒரு தண்ணீரில் போய்விடும். வந்த அன்றைக்குப் போட்டுப் பார்த்துப் பொருந்துகிறது என்று டேகைக் கிழிப்போம். பத்தாம் நாள் கழுத்தைப் பிடிக்கும். அப்போது திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருக்கும்.

‘கொஞ்சம் ஃப்ரீயா விட்டுடறேன் சார்!’

திருப்பி அனுப்புவதற்கு முன் அந்த 42-ஐ எடுத்துக்கொண்டு தெருமுனை டெய்லர் பாயிடம் போனேன். அடுக்குமாடி ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மெஷின், ஒரு கட்டிங் மேஜை, ஒரு டியூப் லைட். அவ்வளவுதான் கடை.

சட்டையைப் போட்டுக் காட்டச் சொன்னார். பார்த்தார். “சைடு பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம். தோளை இறக்கி ஏத்தணும்னா கையைப் பிரிக்கணும் சார், சட்டையே புதுசா தைக்கிற மாதிரி. வேணாம், திருப்பிடுங்க” என்றார். “உங்க தோள் என்ன தெரியுமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவினார்.

எத்தனை வருஷமாயிற்று ஒருவர் என்னை அளந்து! டேப்பின் நுனியைத் தோள் எலும்பில் வைத்து முதுகோடு இழுத்து, “பதினேழே முக்கால்” என்றார். கையை லேசாக மடக்கச் சொல்லி மணிக்கட்டு எலும்பு வரை அளந்து, “இருபத்து மூணரை.” மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டுவிட்டு, “மூச்சைப் பிடிக்காதீங்க, சாதாரணமா விடுங்க.” கழுத்துக்கு வந்தபோது டேப்புக்கும் தோலுக்கும் நடுவில் தன் இரண்டு விரலை விட்டுக்கொண்டு படித்தார். வெற்றிலைக்கு வைக்கிற சுண்ணாம்பு மாதிரி, அளவில் வராத ஓர் அளவு அந்த இரண்டு விரல்.

டேப் வயிற்றுக்கு வந்தது. படித்தார். எண்ணைச் சொல்லவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்து நோட்டில் குறித்துக்கொண்டு, “இங்க கொஞ்சம் ஃப்ரீயா விட்டுக்கணும் சார்” என்றார். தமிழ்நாட்டுத் தையல்காரர்களின் நாகரிகத்துக்கு அந்த ‘ஃப்ரீ’ ஒன்று போதும்.

நான் நிற்கிற நிலையைத் தள்ளி நின்று பார்த்தார். “வலது தோள் கொஞ்சம் இறக்கம் உங்களுக்கு. பை மாட்டுவீங்களா?” இருபது வருஷமாக லேப்டாப் பையை மாட்டுகிறேன். எனக்கே தெரியாத செய்தி. எந்தச் செயலியும் இதை என்னிடம் கேட்டதில்லை.

ஏழு இடத்தில் அளந்து, எட்டாவதாகக் கண்ணாலும் அளக்கிறார் பாய். இணையம் ஒரே ஓர் எண்ணைக் கேட்கிறது. வித்தியாசம் இங்கேதான். சட்டை பொருந்துவது என்பது கழுத்துக்குப் பொருந்துவதோ மார்புக்குப் பொருந்துவதோ மட்டும் இல்லை. கழுத்துக்கும் தோளுக்கும், தோளுக்கும் வயிற்றுக்கும் உள்ள உறவுக்குப் பொருந்துவது. எனக்குக் கழுத்தும் தோளும் 40 கேட்கின்றன. வயிறு 42 கேட்கிறது. ரெடிமேட் சட்டைக்கு அந்த உறவு முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டுவிட்டது.

யாருக்கும் சேராத சராசரி

நிச்சயித்தது யார்? ஆண்கள் உடைக்கு நிலையான அளவுகள் வந்த கதையை அமெரிக்க உள்நாட்டுப் போரிலிருந்து தொடங்குவார்கள். 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரில் லட்சக்கணக்கான வீரர்களுக்குச் சீருடை தைக்க வேண்டியிருந்தது. அளவெடுத்துக்கொண்டே போனதில், இன்ன மார்புக்கு இன்ன இடுப்பு என்று சில சேர்க்கைகள் திரும்பத் திரும்ப வருவது தெரிந்தது. அந்தச் சேர்க்கைகள்தான் பிறகு கடைகளில் அளவுகளாகத் தொங்கின.

ஆலையில் இன்றும் வேலை அப்படித்தான் நடக்கிறது. நடுத்தர அளவில் ஒரு மாதிரி வெட்டுவார்கள். ஒரு மாடல் ஆளுக்குப் போட்டுப் பார்த்துத் திருத்துவார்கள். அந்த ஒன்றுக்குத்தான் பாய் செய்கிற மாதிரி உண்மையான கவனிப்பு. மற்ற அளவுகளெல்லாம் அதை முன்கூட்டியே வகுத்த படிகளில் கூட்டியும் குறைத்தும் வருபவை. ஓர் அளவு ஏறினால் மார்போடு தோளும் ஏறும், கையும் நீளும். வயிறு பெருத்தவருக்குக் கையும் வளரும் என்று அந்தக் கணக்கு நம்புகிறது. கஃப் என் கட்டைவிரலை மூடியது அதனால்தான்.

பிறகு துணியை அடுக்கடுக்காக விரித்து மெஷினால் வெட்டுகிறார்கள். மேல் அடுக்குக்கும் அடி அடுக்குக்கும் இம்மி வித்தியாசம் வரும். தைக்கும்போது இம்மி. அரை இஞ்சு முன்னே பின்னே இருந்தால் ஆலையில் அது குறையாகாது. ஒரே கம்பெனியில் ஒரே அளவில் இரண்டு நிறம் வாங்கி, வெள்ளை பொருந்தி நீலம் பொருந்தாமல் போனவர்கள் தங்கள் உடம்பைச் சந்தேகப்பட வேண்டாம்.

சராசரி ஆளுக்கு என்று தைத்தால் யாருக்குச் சேரும்? இதற்கு அமெரிக்க விமானப்படை எழுபது வருஷத்துக்கு முன்பே பதில் கண்டுபிடித்தது. 1950-ல் 4,063 விமானிகளை அளந்தார்கள். விமானி அறையைச் சராசரி ஆளுக்கு ஏற்பச் செதுக்குவது நோக்கம். கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் அந்தக் கணக்கைப் புரட்டினார். உயரம், மார்பு, கை நீளம் என்று பத்து அளவுகளை எடுத்துக்கொண்டு, பத்திலும் நடுவாந்தரமாக இருக்கிறவர் எத்தனை பேர் என்று எண்ணினார். ஒருவர்கூட இல்லை! கழுத்து, தொடை, மணிக்கட்டு என்று மூன்றே மூன்றை எடுத்துக்கொண்டாலும் மூன்றிலும் சராசரியாக இருந்தவர்கள் நூற்றுக்கு மூன்றரைப் பேருக்கும் குறைவு. ராணுவம் பொறுக்கியெடுத்த இளைஞர்கள் கதையே இது என்றால், நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து உருமாறிய நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

விமானப்படை அதற்குப் பிறகு சராசரியை விட்டுவிட்டது. இருக்கையை முன்னே பின்னே நகர்த்தும்படி, வாரை இறுக்கவும் தளர்த்தவும் முடியும்படி செய்யச் சொன்னது.

நம் கதையில் இன்னொரு கோணலும் உண்டு. நம் கம்பெனிகள் வைத்திருக்கும் அளவு அட்டவணைகள் பெரும்பாலும் வெளிநாட்டு அட்டவணைகளை அங்கே இங்கே தட்டிக் கொட்டிச் சரிசெய்தவை. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழுள்ள தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான ‘நிஃப்ட்’, இந்தியர்களுக்கென்று சொந்த அட்டவணை உருவாக்க ‘இந்தியாசைஸ்’ என்ற திட்டத்தை எடுத்தது. 15 முதல் 65 வயது வரையிலான ஆண், பெண் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் நிறுத்தி அளப்பது திட்டம். கொல்கத்தா, மும்பை, டெல்லி, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங் என்று ஆறு நகரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சென்னை அதில் இல்லை. அளவு சேராததால் திரும்பி வரும் உடைகளே இந்தத் திட்டத்துக்கு முக்கிய நியாயம். 20 முதல் 40 சதவீதம் உடைகள் திரும்பி வருவதாகத் திட்டத்தை முன்வைத்தபோது அரசுத் தரப்பே சொன்னது.

இந்திய அட்டவணை கடைகளில் புழக்கத்துக்கு வந்தால் பெரும்பாலோருக்கு நல்லதுதான். கை நீளமும் தோளும் நம்மை நோக்கிக் கொஞ்சம் நகரும். ஆனால் பஞ்சாபுக்கும் பரமக்குடிக்கும் சேர்த்து ஒரு சராசரி எடுத்தால், டேனியல்ஸ் கண்டதைத்தான் நாமும் காண்போம்.

படத்தில் எல்லாம் பொருந்தும்

இணையதளப் படத்தில் அந்தச் சட்டை எவ்வளவு கச்சிதம்! மாடலின் உயரம் ஆறடி, போட்டிருப்பது 40 என்று கீழே எழுதியிருக்கிறது. ஆறடி ஆளுக்கும் 40, ஐந்தரை அடியைத் தொடத் தவிக்கும் எனக்கும் 40. நீளம் எங்கே போய் முட்டும் என்பதற்குத் தனியே கணக்குப் போட வேண்டியதில்லை.

படத்தில் முன்பக்கத்தைத்தான் பார்க்கிறோம். முதுகுப்பக்கம் துணியைக் கொத்தாகப் பிடித்துக் கிளிப் போட்டு இறுக்குவது படப்பிடிப்பில் சர்வசாதாரணம். ஜவுளிக்கடை பொம்மைக்கு முதுகில் குண்டூசி குத்துவதில்லையா, அதே வித்தைதான். நாம் முதுகில் கிளிப்போடு வரவேற்பில் நிற்க முடியாது.

விமர்சனங்களைப் படிக்கலாம் என்றால் அது தனி உலகம். ‘பெர்ஃபெக்ட் ஃபிட்’ என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் போடுவார். அவருக்கு அடுத்தவர் ‘டூ டைட்’ என்று ஒன்று போடுவார். இரண்டு பேரும் உண்மையே சொல்கிறார்கள், அவரவர் உடம்பைப் பற்றி. யாருமே தன் தோள் எத்தனை இஞ்சு என்று எழுதுவதில்லை.

வந்த இரண்டில் அந்த நாற்பத்தேழு இஞ்சுக்காரரைத் திருப்பி அனுப்ப மடிக்கும்போது முல்லைப்பாட்டு நினைவுக்கு வந்தது. அதில் யவனர்கள் போட்டிருக்கும் சட்டைக்கு ‘மெய்ப்பை’ என்று பெயர். மெய்யைப் போட்டுக்கொள்ளும் பை. சிரிப்பு வந்தது. பையாகத்தான் இருந்தது.

வழி காட்டிய ப்ளவுஸ்

கட்டில் நிறையச் சட்டையும் கையில் டேப்புமாக நான் நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு மனைவி கேட்டாள்: “ஏங்க, நான் என்னைக்காவது அளவு ப்ளவுஸ் குடுக்காம தைக்கக் குடுத்திருக்கேனா?”

சுரீரென்று உறைத்தது. பட்டுப்புடவை எங்கே வாங்கினாலும், ப்ளவுஸ் விஷயத்தில் நம் வீட்டுப் பெண்கள் எந்த எண்ணையும் நம்புவதில்லை. எஸ்ஸும் எம்மும் அவர்களிடம் செல்லாது. பொருந்துகிற ஒரு பழைய ப்ளவுஸைக் கொடுத்து, ‘இதே மாதிரி, கை மட்டும் அரை இஞ்சு இறக்கம்’ என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். உடம்பை அளப்பதைவிட, உடம்புக்குப் பொருந்திய ஒன்றை அளப்பது மேல் என்பது அவர்கள் கண்டுபிடித்த ஞானம். ஆண்களுக்கும் ஒரு காலத்தில் அளவு சட்டை இருந்தது. தீபாவளிக்குப் பிட் துணியோடு அதையும் சுருட்டி எடுத்துக்கொண்டு டெய்லர் கடைக்குப் போவோம். ரெடிமேட் வந்தது; எண்ணை நம்பினோம்; அளவு சட்டையை மறந்தோம்.

என் அளவு சட்டை அலமாரியிலேயே இருந்தது. காலர் நைந்தது அளவுக்குத் தடையில்லை. அதை அளந்து குறித்துக்கொண்டு, சட்டையளவைத் தெளிவாகப் போட்டிருக்கும் தளங்களை மட்டும் பார்த்தேன். தேடல் பத்து நிமிஷத்தில் முடிந்தது. அதைவிட முக்கியமாக ஒன்று புரிந்தது. வயிறு இடித்தால் 40-லிருந்து 42-க்குப் போகக்கூடாது. ஸ்லிம்மிலிருந்து ரெகுலருக்குப் போக வேண்டும். அளவு மாறினால் தோளும் கையும் சேர்ந்து மாறும். ஃபிட் மாறினால் தோள் பெரும்பாலும் அங்கேயே நிற்க, உடல்பாகம் மட்டும் விரியும். முதல் நாளே இது தெரிந்திருந்தால் கூரியர் பையன் எங்கள் வீட்டுக்கு இத்தனை தடவை ஏறி இறங்கியிருக்க மாட்டார்.

டேப்பை எடுங்க!

நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்றைத் துவைத்து, இஸ்திரி போட்டு, எல்லாப் பட்டனையும் மாட்டித் தரையில் பரப்பிக்கொள்ளுங்கள். ஆறு அளவுகள் போதும்.

1. காலர்: காலரைப் பட்டன் கழற்றி நீட்டி வைத்து, பட்டனின் நடுவிலிருந்து காஜாவின் தூர முனை வரை.

2. தோள்: ஒரு தோள்பட்டைத் தையலிலிருந்து மறு தோள்பட்டைத் தையல் வரை, முதுகுப்பக்கம்.

3. மார்பு: அக்குளுக்கு ஓர் இஞ்சு கீழே குறுக்காக. வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள்.

4. வயிறு: உங்களுக்கு எங்கே அதிகமோ அங்கே குறுக்காக. இதையும் இரட்டிப்பாக்குங்கள். பல தளங்கள் இந்த அளவைப் போடுவதில்லை. போடாத தளத்தைத் தள்ளிவிடுங்கள்.

5. கை: தோள் தையலிலிருந்து கஃப் நுனி வரை. அமெரிக்க கம்பெனிகளின் பட்டியலில் கை 33, 34 என்று இருந்தால் மிரள வேண்டாம். அவர்கள் பிடரி நடுவிலிருந்து அளப்பார்கள். தோளில் பாதியும் அதற்குள் அடக்கம்.

6. நீளம்: பிடரியில் காலர் அடியிலிருந்து கீழ் மடிப்பு வரை. இன் பண்ணுகிறவர்களுக்கு இது முக்கியம். நீளம் போதாவிட்டால் பந்தியில் குனிந்து நிமிர்வதற்குள் சட்டை வெளியே வந்துவிடும்.

பருத்தி, லினன் என்றால் காலரில் ஒரு சுண்டுவிரல் அளவாவது தளர்வு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் சலவைக்கு அது வரி.

சட்டம் எதைச் சட்டை செய்கிறது?

2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன. பொருளில் குறை இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மைகளோடு அது ஒத்துப்போகாவிட்டாலோ, விற்றவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக்கூடாது. பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கக்கூடாது.

ஆனால் ‘எனக்குப் பொருந்தவில்லை’ என்பது குறையாகாது. அது அந்தந்தக் கடையின் திருப்பி எடுக்கும் கொள்கையைப் பொறுத்தது. அதனால் வாங்கும் முன் அதைப் படிப்பது நல்லது. அதே சமயம், தளத்தில் சட்டையின் மார்பளவு 45 என்று போட்டுவிட்டு 42 அனுப்பினால் கதை வேறு. அது சொன்னது ஒன்று, தந்தது ஒன்று. டேப்பை வைத்து ஒரு படம், தளத்தின் அட்டவணைப் படம் ஒன்று, இரண்டையும் பத்திரப்படுத்திக்கொண்டு பேசலாம். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

பாய் போட்ட கடைசித் தையல்

ஐந்தாவது சட்டை வரவேற்புக்கு இரண்டு நாள் முன்பு வந்தது. 40, ரெகுலர். தோள் எலும்பின்மேல் தையல் சரியாக உட்கார்ந்தது. உட்கார்ந்து பார்த்தேன், பனியன் எட்டிப் பார்க்கவில்லை. கை மட்டும் ஓர் இஞ்சு நீளம். எடுத்துக்கொண்டு பாயிடம் போய், பழைய சட்டையை அளந்து இதைப் பிடித்த கதையையும் சொன்னேன்.

நான் போனபோது மேஜைமேல் ஆல்டர் பண்ண வந்த துணிகள்தான் குவிந்திருந்தன. பேன்ட்டுக்கு அடி மடிக்க, சட்டைக்கு சைடு பிடிக்க, சுடிதாருக்குக் கை வைக்க. புதுசாகத் தைக்கிற துணி ஒன்றிரண்டு ஓரமாகக் கிடந்தன. “முன்னெல்லாம் தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடியே ஆர்டர் க்ளோஸ்னு போர்டு வைப்பேன். இப்ப வருஷம் பூரா இதுதான் சார்” என்றார். ஆன்லைன் கடை அவருடைய தையலைப் பிடுங்கிக்கொண்டது. அதுவே பொருந்தாத சட்டைகளை அனுப்பி அவருக்கு வேலையும் கொடுக்கிறது. விமானப்படை இருக்கையை நகர்த்தியது. நமக்காகச் சட்டையை நகர்த்துகிறவர் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார்.

கஃப்பைப் பிரித்தார். ஓர் இஞ்சு வெட்டினார். கொசுவத்தை முன்னிருந்த மாதிரியே மடித்துவைத்து மறுபடி கஃப்பைப் பொருத்தினார். பழைய ஊசித் தடத்தின் மேலேயே தையல் ஓடியது. சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பி எனக்குக் காட்டினார். “பாருங்க, சைடுல துணியே விட மாட்டாங்க இவங்க. ரெண்டு தையல் சேர்த்து மடிச்சு அடிச்சிருப்பாங்க. சின்னதாக்கலாம், பெருசாக்க முடியாது. நான் தைச்சா உள்ள அரை இஞ்சு விட்டிருப்பேன். ரெண்டு வருஷம் கழிச்சு வந்தீங்கன்னா பிரிச்சுக் குடுப்பேன்.”

ரெண்டு வருஷம் கழித்து நான் எப்படி இருப்பேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது கூப்பிட்டார். “சார், அந்தப் பழைய சட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அடுத்த தடவை பிட் துணி எடுத்துக்கிட்டு அதையும் கொண்டாங்க. தோளு, கை, காலர் எல்லாம் அதுல இருக்கிற மாதிரியே வெச்சுடறேன்.” ஒரு நொடி நிறுத்தி, என் வயிற்றைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அங்க மட்டும் கொஞ்சம் ஃப்ரீயா விட்டுக்கலாம்.”